கடை ஊழியர்களிடம் குறை கேட்பது எப்படி?

ஜவுளிக்கடையோ சூப்பர் மார்க்கெட்டோ நடத்துபவர்களுக்கு ஒரு யோசனை. எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து "ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல சார்" என்றுதான் பதில் வரும். தனித்தனியாக, வேலை செய்யும் இடத்திலேயே, குறிப்பாகக் கேளுங்கள்: "சாயங்காலம் கால் வலிக்குதாம்மா? மதியம் சாப்பிட எத்தனை மணி ஆகுது? ராத்திரி பஸ் கிடைக்குதா?" அப்போதுதான் வாய் திறப்பார்கள்.

உட்காரும் வசதியையே எடுத்துக்கொள்ளுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டத் திருத்தம் கொண்டுவந்தன. ஆனால் ஸ்டூல் வாங்கிப் போட்டால் மட்டும் போதாது. சூப்பர்வைசர் முறைப்பார் என்ற பயம் இருந்தால் யாரும் அதில் உட்கார மாட்டார்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் "கொஞ்சம் உட்காரும்மா" என்று நீங்களே சொல்லுங்கள், சூப்பர்வைசர் காதில் விழும்படி.

அப்புறம், கழிப்பறை, மாதவிடாய் நாட்கள் போன்றவற்றைக் கேட்க மூத்த பெண் ஊழியர் ஒருவரை அனுப்புவதுதான் சரி.

கேட்டதில் முடிந்ததை அந்த வாரமே செய்துவிடுங்கள். சம்பள உயர்வு மாதிரி உடனே முடியாதது என்றால், எப்போது முடிவு சொல்வீர்கள் என்று தேதி கொடுங்கள். வெறுமனே "பார்க்கலாம்" என்று இழுத்தால், அடுத்த முறை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.