நாகர்கோவிலில் இருந்து ஜனவரி மாத லடாக்: முதல் தடவை போகிறவர்களுக்கு

போன ஜனவரியில் நானும் மச்சினனும் லடாக் போய்வந்தோம். படங்களைப் பார்த்துவிட்டு "எப்படிப் போனிய, குளிரு தாங்குச்சா" என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். டிக்கெட் போடுவது, ரூம் பிடிப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதைத் தொடவில்லை.

படி 1: வழி

லடாக்கின் முக்கிய ஊர் லே. குளிர்காலத்தில் மணாலி–லே சாலையைப் பனி மூடிவிடும். டெல்லியில் இருந்து விமானம்தான். லே விமானங்கள் பெரும்பாலும் காலையில், ஏனென்றால் மத்தியானத்துக்கு மேல் அங்கே காற்று கிளம்பிவிடும். நாங்கள் திருவனந்தபுரத்தில் ராத்திரி ஏறி, டெல்லியில் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருந்து, காலையில் லேயில் இறங்கினோம். லீவு இருந்தால் கன்னியாகுமரியிலேயே திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறி நிஜாமுதீனில் இறங்குங்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். மச்சினன் ஒத்துக்கொள்ளவில்லை.

படி 2: சிம்

நம்ம ஊர் ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் வேண்டும். கிளம்புகிறதுக்கு ஒரு வாரம் முன்னாலேயே மாற்றுங்கள். என் போன் விமானம் இறங்கியதுமே செத்த மாதிரி ஆகிவிட்டது. ஓடிபி வராது, ஜிபே நடக்காது. மச்சினனிடம் போஸ்ட்பெய்ட் இருந்ததால் பத்து நாளும் அவன்தான் எனக்குப் படியளந்தான். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

படி 3: துணி

லேயில் ஜனவரி ராத்திரி மைனஸ் 15 என்பது சாதாரணம். ஒரே தடி ஸ்வெட்டரை நம்பாதீர்கள். மூன்று அடுக்காகப் போடுங்கள்: உடம்போடு ஒட்டி தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ், அதற்கும் மேல் காற்றுப் புகாத, இறகு அடைத்த டவுன் ஜாக்கெட். அடுக்குகளுக்கு நடுவில் தங்குகிற காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கும். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே நிற்கும், நின்ற இடத்தில் முதுகு ஜில்லிடும்.

தெர்மலையும் கம்பளி சாக்ஸையும் சொந்தமாக வாங்குங்கள். ஜாக்கெட்டும் பூட்ஸும் லே கடைத்தெருவில் வாடகைக்குக் கிடைக்கும். இங்கே வாங்கிவந்து அப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போடப் போகிறோம்? கையுறையில் ஐந்து விரலும் தனித்தனியாக உள்ளதைவிட, கட்டைவிரல் மட்டும் பிரிந்து மற்ற நாலும் ஒன்றாகக் கிடக்கிற வகைதான் எனக்கு உசத்தி. விரலுக்கு விரல் சூடு கொடுத்துக்கொள்ளும்.

படி 4: இரண்டு நாள் சும்மா கிடப்பது

நான் விழுந்த இடம் இதுதான். குளிரைப் பற்றி ஆறு மாதம் படித்துவிட்டு, உயரத்தைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்காமல் போனேன்.

லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் கடல் மட்டத்துக்காரர்கள். காற்றில் ஆக்சிஜன் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான், ஆனால் காற்றழுத்தம் இங்கே இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தான் வரும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிறது குறைவு. உடம்பு அதற்குப் பழக நாள் எடுக்கும். விமானத்தில் போகிறவனுக்கு அந்த நாள் கிடைப்பதில்லை.

இறங்கியபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நல்ல வெயில், நீல வானம், ஹோம்ஸ்டே அம்மா கொடுத்த வெண்ணெய்ச் சாயா. "ரெஸ்ட், ரெஸ்ட்" என்று அவர் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். நான் வாராவாரம் மருந்துவாழ்மலை ஏறுகிறவன், எனக்கென்ன என்று சாயங்காலமே சாந்தி ஸ்தூபி படிக்கட்டில் ஏறினேன். பாதியில் நெஞ்சு திம்திம் என்று அடித்தது. ராத்திரி தலை பிளந்தது, சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. ஜிம்முக்கும் போகாத மச்சினன் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். உடற்பயிற்சிக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை என்பதை மறுநாள் லே ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு தெரிந்துகொண்டேன்.

ஆகவே முதல் இரண்டு நாள் சாப்பாடு, தூக்கம், நிறைய தண்ணீர். குடி, சிகரெட் வேண்டாம். மெல்ல நடந்து கடைத்தெரு வரை போகலாம், ஏற்றம் கூடாது. தலைவலி இருக்கும்போது இன்னும் உயரமான இடத்துக்குப் போகவே கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ உடனே ஆஸ்பத்திரி. காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

உயரம் உடம்புக்கு ஒத்துக்கொள்ள அசெட்டசோலமைடு என்ற மாத்திரையை லே போவதற்கு முந்தின நாளே தொடங்கச் சொல்வார்கள். ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அதைப் போட்டால் விரல் நுனி ஊசி குத்துகிற மாதிரி மரமரக்கும், அடிக்கடி ஒன்றுக்கு வரும். மைனஸ் 15-இல் நடுராத்திரி எழுந்து போவது தனிச் சோதனை.

படி 5: சுற்றுவது

மூன்றாம் நாள் தாழ்வான பக்கம் போங்கள்: நிம்முவில் சிந்துவும் ஸன்ஸ்காரும் சேருகிற இடம், அல்ச்சி மடம். அதன்பிறகு கர்துங் லா கணவாய் வழியாக நுப்ரா பள்ளத்தாக்கு. கணவாயில் பல வருஷம் நின்ற பலகை 18,380 அடி என்று சொன்னது. உண்மையில் 5,359 மீட்டர், ஏறக்குறைய 17,600 அடி. பலகை முன்னால் படம் எடுத்ததும் வண்டியில் ஏறிவிடுங்கள், அங்கே சாயா குடித்துக் கதை பேச வேண்டாம். நுப்ராவில் ஹுண்டர் மணல்மேட்டில் இரட்டைத் திமில் ஒட்டகம். பனிச்சிறுத்தை பார்க்க ஆசையென்றால் ஹெமிஸ் தேசியப் பூங்காவின் ரும்பக் பக்கம், உள்ளூர் வழிகாட்டியோடு. நாங்கள் போகவில்லை, பை காலியாகிவிட்டது.

கடைசிக்குப் பாங்கோங் ஏரியை வையுங்கள். நம்ம குமரி மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்தில் உப்புத் தண்ணீர் வெயிலில் காய்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். உப்புத் தண்ணீர் கண்ணுக்கு எட்டின மட்டும் உறைந்து கிடப்பதை அங்கேதான் பார்த்தேன். உள்ளூர்க்காரர் சரி என்று சொல்லாமல் பனிக்கட்டியில் கால் வைக்காதீர்கள்.

மூட்டை கட்டும்போது

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். குளிரில் போன் சார்ஜ் சட்டென்று இறங்கும், சட்டைக்கு உள்பையில் வையுங்கள். கேமராவை வெளியிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுபோகும் முன் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் நீர் கோத்துவிடும். கூலிங் கிளாஸும் சன்ஸ்கிரீனும் அவசியம், பனியில் பட்டுத் திரும்புகிற வெயில் கண்ணைச் சுடும். முந்திரிக்கொத்து ஒரு டப்பா எடுத்துப் போனோம், பசிக்கு அதைப்போல ஒன்றில்லை. கடிக்கும் முன் கொஞ்சநேரம் சட்டைப்பைக்குள் வையுங்கள், பல் முக்கியம்.

பிற்சேர்க்கை 1: டெல்லி மூடுபனியில் ரயில் தாமதமாகி லே விமானத்தைத் தவறவிட்டதாக ஒருவர் மறுமொழியில் எழுதியிருக்கிறார். சரிதான், எழுத மறந்துவிட்டேன். ஜனவரியில் டெல்லியில் ஒரு நாளை உபரியாக வையுங்கள். திரும்பும்போதும்தான், லேயில் வானிலை மோசமானால் விமானம் ரத்தாகும்.

பிற்சேர்க்கை 2: குளிப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். குழாய்கள் உறைந்துவிடும், வாளியில் சுடுதண்ணீர் தருவார்கள். இரண்டு நேரமும் குளித்துப் பழகிய நான் பத்து நாளில் இரண்டு தடவை குளித்தேன். அறையில் கேஸ் ஹீட்டரோ, புகாரி என்கிற அறையைச் சூடாக்கும் அடுப்போ இருந்தால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், தூங்கும் முன் அணைத்துவிடுங்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேர்ந்தால் வாசனைகூடத் தெரியாது.

பிற்சேர்க்கை 3: தேங்காய் எண்ணெய் கொண்டுபோகலாமா என்று குளச்சலில் இருந்து ஒரு அக்கா. கொண்டுபோகலாம் அக்கா, ஆனால் டெல்லியிலேயே கல்லாகிவிடும். வாய் அகலமான டப்பாவில் எடுங்கள், கரண்டியால் சுரண்டலாம். நான் குப்பியில் கொண்டுபோய் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.