காயம் பட்டபோது உயிர் இருந்ததா? பிரேதப் பரிசோதனையில் கண்டறியும் முறை

சடலத்தில் உள்ள காயத்தின் நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றை அளந்து குறிப்பதோடு மருத்துவரின் பணி முடிந்துவிடுவதில்லை. அந்தக் காயம் பட்டபோது இதயம் துடித்துக்கொண்டிருந்ததா என்பதையும் அவர் சொல்ல வேண்டும். பல வழக்குகளின் போக்கே அந்த விடையைப் பொறுத்துத்தான் அமைகிறது.

உயிருள்ள உடலில் இரத்தம் அழுத்தத்தோடு ஓடுவதால், வெட்டுப்பட்ட இடத்தில் அது வெளியே கொட்டுவதோடு சுற்றியுள்ள தசைக்குள்ளும் ஊறிப் பரவி உறைகிறது; தோல் சுருங்கி இழுப்பதால் காயத்தின் விளிம்புகள் விலகி நிற்கின்றன. இறந்த பின் ஏற்பட்ட வெட்டில் விளிம்புகள் பெரும்பாலும் நெருங்கி, வெளிறிக் காணப்படும். ஆனால் வெளியேறிய இரத்தத்தின் அளவை மட்டும் வைத்து ஒருபோதும் முடிவு செய்யக் கூடாது. தலை தாழ்ந்து கிடந்த உடலில், இறந்த பின் உச்சந்தலையில் ஏற்பட்ட கிழிசலிலிருந்தும் இரத்தம் ஒழுகும். மாறாக, கிணற்றிலோ ஆற்றிலோ நெடுநேரம் கிடந்த உடலில், உயிரோடு இருந்தபோது பட்ட காயத்தின் இரத்தத்தைக்கூடத் தண்ணீர் கழுவிக் கொண்டுபோயிருக்கும்.

ஊமைக்காயத்தையும், இறந்த பின் தாழ்வான பகுதிகளில் இரத்தம் தேங்குவதால் உண்டாகும் நிறமாற்றத்தையும் பிரித்தறிவதில்தான் மிகுந்த கவனம் தேவை. மல்லாந்து கிடந்த உடலின் முதுகு முழுவதும் ஊதா நிறமாக இருப்பதைப் பார்த்து, அடித்துக் கொன்றிருக்கிறார்கள் என்று உறவினர்கள் பதறுவது இயல்பே. தேங்கிய நிறம் வீக்கமின்றிச் சமமாகப் பரவியிருக்கும். தோள்பட்டை, பிட்டம் போலத் தரையில் அழுந்திய இடங்கள் மட்டும் வெளுத்திருக்கும். ஐயம் இருந்தால் அந்த இடத்தைக் கத்தியால் கீறி, மெல்லத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். இரத்தக் குழாய்களுக்குள் தேங்கிய இரத்தம் வழிந்து, திசு வெளிறிவிடும். ஊமைக்காயத்திலோ, குழாய்களை விட்டு வெளியேறி இழைகளுக்கிடையே உறைந்த இரத்தம் கழுவினாலும் போகாது. அழுகத் தொடங்கிய உடலில் இந்தச் சோதனையை நம்ப முடியாது.

இறந்த பின் எறும்பு கடித்த தடங்களும் சிராய்ப்புகளைப் போலவே தோன்றி ஏமாற்றும். கண்ணிமை, உதடு, அக்குள், தொடையிடுக்கு, விரல் மூட்டு ஆகிய இடங்களில் மேல்தோல் மட்டும் அரிக்கப்பட்டு, ஓரங்கள் ஒழுங்கற்று வளைந்து, மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் காய்ந்திருந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். அடியில் இரத்தக் கசிவோ சுற்றிலும் சிவப்போ இருக்காது. சித்திரவதைத் தழும்பு என்று நம்பிக் கலங்கும் குடும்பத்தாருக்கு இதைப் பொறுமையாக விளக்குவதும் நம் கடமை என்றே நான் கருதுகிறேன்.

தீயில் கருகிய உடலில் மூச்சுக்குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். குரல்நாண்களுக்குக் கீழே கரித்துகள் படிந்திருந்து, இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடும் கலந்திருந்தால், தீ எரியும்போது அவர் மூச்சு விட்டிருக்கிறார். இவை இல்லை என்பதாலேயே முன்னதாக இறந்துவிட்டார் என்று எழுதிவிடக் கூடாது. நொடிப்பொழுதில் சூழும் தீயில் இவை காணப்படாமலும் போகலாம்.

நுண்ணோக்கியில் வெள்ளணுக்கள் காயத்தில் திரண்டிருப்பது தெரிந்தால், காயத்துக்குப் பின் பெரும்பாலும் சில மணி நேரமாவது உயிர் இருந்தது எனலாம். அடிபட்ட உடனே இறந்தவரிடம் அந்த மாற்றம் உண்டாக நேரமே இருந்திருக்காது. ஆகையால் அது இல்லாதது எதையும் நிரூபிப்பதில்லை. காயத்தின் விளிம்பும் அதை ஒட்டிய நல்ல தோலும் சேர்ந்து வருமாறு துண்டு எடுத்து, திசு கெடாமல் காக்கும் 10% ஃபார்மலின் கரைசலில் இட்டு அனுப்புங்கள். அதன் பிறகும் தெளிவு கிடைக்காவிட்டால், மரணத்தை ஒட்டிய நேரத்தில் ஏற்பட்ட காயம், முன்பா பின்பா என்று உறுதிசெய்ய இயலவில்லை என்றே அறிக்கையில் எழுதுங்கள்.