எடை கடைசியில்தான்: உளவியல் த்ரில்லருக்கு ஒரு நடிகரை உருக்குலைந்தவராகக் காட்டுவது எப்படி

நம் தென்னாப்பிரிக்காவின் பெனோனியில் பிறந்த சார்லீஸ் தெரோன் ‘மான்ஸ்டர்’ (2003) படத்துக்காக ஏறக்குறைய 14 கிலோ எடை ஏற்றினார். எல்லோருக்கும் நினைவில் நிற்பது அந்த எண்தான். ஆனால் படத்தில் அவரை யாரென்றே தெரியாமல் ஆக்கியதில் மழித்த புருவத்துக்கும், பொய்ப்பல்லுக்கும், வெயிலில் வாடிய தோல் போலத் தெரியும்படி அடுக்கடுக்காகப் போட்ட ஒப்பனைக்கும் பெரிய பங்கு உண்டு. ‘தி மெஷினிஸ்ட்’ (2004) படத்துக்காக கிறிஸ்டியன் பேல் சுமார் 28 கிலோ இறக்கியதைப் படித்துவிட்டு, டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ சனி, ஞாயிறுகளில் குறும்படம் எடுக்கும் குழு தன் நாயகனைப் பட்டினி போடுவது தேவையற்றது, ஆபத்தானதும்கூட. திங்கட்கிழமை காலை அவர் வேலைக்குப் போக வேண்டும். செட்டில் மருத்துவர் கிடையாது. ஒரு மாதம் அவர் படுத்துவிட்டால் படமும் படுத்துவிடும்.

எனவே உடை, ஒப்பனை, ஒளி, நடை என்ற வரிசையில் வேலை செய்யுங்கள். எடைக்குக் கடைசியில் வாருங்கள். பல படங்களுக்கு அது தேவைப்படாமலே போய்விடும்.

நிலைகளைப் பிரித்து, தலைகீழாக எடுங்கள்

திரைக்கதையை எடுத்து ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் 1, 2, 3 என்று எழுதுங்கள். 1 என்றால் ஆள் நன்றாக இருக்கிறார். 2 என்றால் தூக்கம் கெட்டுவிட்டது, சவரம் செய்வதில்லை, சட்டை தளர்ந்திருக்கிறது. 3 என்றால் கண்ணாடியில் தன்னையே அடையாளம் தெரியாத நிலை. பதினைந்து நிமிடப் படத்துக்கு மூன்று போதும். நான்கு, ஐந்து என்று பிரித்தால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, உங்களுக்குக் கன்டின்யூட்டி (காட்சிக்குக் காட்சி தோற்றம் மாறாமல் தொடர்வது) குழம்பும்.

‘காஸ்ட் அவே’ (2000) படத்தில் டாம் ஹாங்க்ஸ் மெலிந்து முடி வளர்க்க வேண்டுமென்று படப்பிடிப்பை ஏறக்குறைய ஓராண்டு நிறுத்திவைத்தார்கள். இயக்குநர் அந்த இடைவெளியில் வேறொரு படத்தையே எடுத்து முடித்தார். நமக்கு அந்த வசதி இல்லை. அதனால் 3-ஆம் நிலையை முதலில் எடுங்கள். தாடியும் முடியும் வளர ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும், வெட்டுவதற்கு அரைமணி நேரம். எடையும் அப்படித்தான்: இறங்க மாதங்கள், ஏற வாரங்கள். தாடியோடும் ஒட்டிய கன்னத்தோடும் 3-ஆம் நிலையை முடித்து, தாடியைக் கத்தரித்து 2, முழுச் சவரம் செய்து 1.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சவரம் செய்தபின் விட்டுப்போன ஒரு ஷாட்டுக்காகத் திரும்ப முடியாது. கத்தியை எடுக்கும் முன் 3-ஆம் நிலைக் காட்சிகளைத் தோராயமாகவாவது வெட்டி ஒட்டிப் பாருங்கள். பின்கழுத்து, கை, கண்ணாடியில் முதுகு, கதவிடுக்கில் பாதி முகம் என்று வசனமில்லாத துண்டு ஷாட்டுகள் ஒரு டஜன் கூடுதலாக எடுத்து வையுங்கள். எடிட்டிங்கில் ஓட்டை விழும்போது காப்பாற்றுவது அவைதான்.

முடிந்தால் நம் குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எடுங்கள். டர்பனில் அப்போது புழுக்கம் குறைவு, ஒப்பனை நிற்கும். ஜூனில் மாலை ஐந்து மணியளவில் பொழுது சாய்ந்துவிடுவதால் இரவுக் காட்சியை ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்குள் முடித்து எல்லோரும் வீடு போய்ச் சேரலாம்.

உடை: ஒரே சட்டை, மூன்று அளவு

செலவு குறைவு, பலன் அதிகம் என்றால் இதுதான். நடிகருக்குக் காலர் 15½ அங்குலம் சரியாக இருக்கிறது என்றால், அதே சட்டையை அதே நிறத்தில் 16½, 17½ அளவுகளிலும் வாங்குங்கள். மேல் பொத்தானைப் போட்டால் 1-ஆம் நிலையில் காலருக்குள் ஒரு விரல் நுழையும், 3-ஆம் நிலையில் நான்கு விரல் நுழைய வேண்டும். மெலிந்த கழுத்தைக் காட்ட அந்த இடைவெளியே போதும்.

ஆனால் பெரிய சட்டையை அப்படியே மாட்டிவிட்டால் அப்பா சட்டையைப் போட்ட பையனாகத் தெரிவார். காரணம், மெலிந்தவருக்குக் கை நீளம் குறைவதில்லை. பெரிய அளவுச் சட்டையில் கையும் நீளமாகவே வரும். அதை 2, 3 சென்டிமீட்டர் பிடித்துத் தைத்து, மணிக்கட்டு எலும்பில் நிற்கும்படி செய்யுங்கள். தோள்பட்டைத் தையல் கீழே இறங்கி விழுவதைத் திருத்த வேண்டாம், அது வேண்டியதுதான். கால்சட்டையிலும் இதே கணக்கு. இடுப்பு தளர்ந்தால் கால்சட்டை கொஞ்சம் கீழிறங்கும், ஆகவே 3-ஆம் நிலையில் விளிம்பு செருப்பின் மேல் 1, 2 சென்டிமீட்டர் மடிந்து கிடக்கட்டும்.

பெல்ட்டைக் கவனியுங்கள். பழைய துளை இருந்த இடத்தில் கொக்கி அழுத்திய மடிப்புக்கோடு தெரிய வேண்டும். அதிலிருந்து 5, 6 சென்டிமீட்டர் உள்ளே ஆணியால் குத்திய கோணல் துளையில் கொக்கி நிற்க வேண்டும். கடையில் இயந்திரத்தால் போட்ட துளை, புது பெல்ட் போலத் தெரியும். கைக்கடிகாரச் சங்கிலியில் இரண்டு கண்ணி கூட்டுங்கள், கையைத் தூக்கும்போது முழங்கைப் பக்கம் சரியும். பெண் பாத்திரமானால் 2.4 அளவு வளையலுக்குப் பதில் அதே மாதிரியில் 2.8. ஜாக்கெட் கைக்குழியில் இடைவெளி தெரியட்டும்.

துணியைப் பழசாக்க, காலர் மடிப்பிலும் கைவிளிம்பிலும் 120 எண் உப்புத்தாளால் தேயுங்கள். வெள்ளைப் பருத்திச் சட்டையானால் 5 லிட்டர் சுடுதண்ணீரில் 10 தேயிலைப் பை போட்டு, சாறு இறங்கியபின் சட்டையை 15 நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். ரூயிபோஸ் என்ற சிவப்பு மூலிகைத் தேயிலை வேண்டாம். அதன் செம்பழுப்பு கேமராவில் ரத்தக்கறையோ என்று நினைக்க வைக்கும். பாலியெஸ்டர் கலந்த துணியில் தேயிலை பிடிக்காது, வாங்கும்போதே பாருங்கள்.

ஒப்பனை: நம் தோலுக்கு

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான பாடங்கள் வெள்ளைத் தோலுக்கானவை. அவற்றில் சொல்லும் சாம்பல், நீலம் இரண்டும் மாநிறத்திலும் கறுப்பிலும் திருநீறு பூசிக் கலைத்த மாதிரிதான் நிற்கும், குழி விழுந்ததாகத் தெரியாது. நடிகரின் தோல் நிறத்தைவிட இரண்டு படி ஆழமான பழுப்பை எடுத்து, அதில் கத்தரிப்பூ நிறமோ மிலிட்டரிப் பச்சையோ ஒரு துளி கலந்து கொள்ளுங்கள். கறுப்பு வேண்டவே வேண்டாம். எலும்பு மேட்டுக்கு ஒரு படி வெளிர், மஞ்சள் சார்ந்ததாக.

எங்கே பூசுவது என்பதை விரல் சொல்லும். எலும்பைத் தடவிப் பார்த்து, அதை அடுத்த பள்ளத்தில் மட்டும் பூசுங்கள். நெற்றிப்பொட்டின் பள்ளத்தைப் பலர் மறக்கிறார்கள், ஆனால் மெலிவு அங்கே உடனே தெரியும். கன்னத்தில், கல்யாண மேக்கப் போல காதிலிருந்து வாய்க்கு நேர்கோடு இழுக்காதீர்கள். உண்மையான கன்னக்குழி கன்ன எலும்பின் அடிவிளிம்பில் அழுத்தமாகத் தொடங்கி, கீழே போகப்போகக் கரைந்துவிடும். மேல் விளிம்பு கூர்மை, கீழ் விளிம்பு மங்கல். கண்ணடிக் கருவளையம் அரைவட்டம் அல்ல, மூக்கை ஒட்டிய கண்முனையில் தொடங்கிக் கன்னத்தை நோக்கிச் சரிவாக இறங்கும். அங்கே முதலில் மெல்லிய மெரூன், அதன்மேல் பழுப்பு.

கழுத்துக்கு, நடிகரைப் பல்லைக் கடித்து ‘ஈ’ என்று இறுக்கச் சொல்லுங்கள். நரம்புக்கயிறுகள் எழும்பும். அவற்றின் இரு பக்கமும், காறை எலும்புக்கு மேலுள்ள குழியிலும் பூசுங்கள். விலாவுக்கு மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி எலும்புகளுக்கிடையே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கை. முகத்துக்கு இரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு, குளோசப்பில் மாத்திரைக் குப்பியைப் பிடிக்கும் கொழுகொழு விரல்களை விட்டுவிட்டால் எல்லாம் போச்சு. புறங்கையில் தசைநாண்களுக்கு நடுவிலும், முட்டிகளைச் சுற்றியும் கட்டாயம் பூசுங்கள்.

வியர்வைக்கு ஈடுகொடுப்பது ஆல்கஹாலில் கரைக்கும் ஒப்பனைத் தட்டு. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும், 70 சதவீத ஸ்பிரிட்டில் நீர் அதிகம் என்பதால் திட்டுத்திட்டாக வரும். கண்ணைச் சுற்றி இதைப் போடக்கூடாது, அங்கே கிரீம்தான். முற்றிலும் காயும்வரை சிகரெட், விளக்கு, சூடம் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. சட்டையைப் போட்டபின் காலரைச் சுற்றித் துண்டு வைத்து, கழுத்தைக் கடைசியில் பூசுங்கள். நிறமற்ற பவுடரைக் கொட்டினால் மறுபடியும் சாம்பல் பூக்கும், தோல் நிறப் பவுடரை மெல்லத் தட்டுங்கள். வியர்வைக்கு கிளிசரினும் தண்ணீரும் சம அளவு கலந்து, கண்ணை மூடச் சொல்லித் தெளியுங்கள். தோல் சுருக்கத்துக்கு லேடெக்ஸ் பயன்படுத்துவதானால் முந்தின நாளே முன்கையின் உட்பக்கம் பூசி 24 மணி நேரம் பாருங்கள். வாழைப்பழம், அவகாடோ, பப்பாளி ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு லேடெக்ஸும் ஒத்துக்கொள்ளாது, கேட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு நிலையையும் ஒரே விளக்கின்கீழ் நேர்முகம், இரு பக்கவாட்டு, இரு கைகள் என ஐந்து படம் எடுத்து, எந்த நிறம் எங்கே என்று எழுதி வையுங்கள். அடுத்த சனிக்கிழமை நினைவிலிருந்து போட்டால் குழி இடம் மாறிவிடும்.

ஒளியும் லென்ஸும்

முன்னாலிருந்து வரும் மெத்தென்ற ஒளி எல்லாக் குழியையும் நிரப்பிவிடும். ரிங் லைட்டை 3-ஆம் நிலையில் அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். நிழல் கூர்மையாக விழும்படி ஒரே ஒரு சிறிய கடின விளக்கை முகத்துக்குமேல் சுமார் 60 பாகைக் கோணத்தில் வையுங்கள், கண் குழிக்குள் போய்விடும். எதிர்ப்பக்கம் அரை மீட்டர் தள்ளிக் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடங்கும். வெறும் முதுகுக்கும் விலாவுக்கும் நேர் பக்கவாட்டிலிருந்து உரசிச் செல்லும் ஒளி. மின்வெட்டுக்குப் பயந்து பேட்டரி எல்இடி வைத்திருப்பவர்களுக்கு இதற்கென்று எதுவும் வாங்க வேண்டியதில்லை.

முழு பிரேம் கேமராவில் 1-ஆம் நிலையை 85 மில்லிமீட்டர் லென்ஸில், இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுங்கள், முகம் அகலமாக, நிறைவாகத் தெரியும். 3-ஆம் நிலையை 28 அல்லது 35-இல், அரை மீட்டர் தூரத்துக்கு நெருங்கி எடுங்கள். மூக்கு முன்னே வரும், கன்னமும் காதும் பின்வாங்கும், முகம் ஒடுங்கும். பார்ப்பவருக்கு இனம்புரியாத நெருக்கடியும் வரும், த்ரில்லருக்கு அதுதானே வேண்டும். கைபேசியின் முதன்மை லென்ஸ் ஏற்கனவே அகலமானது, ஆகவே 1-ஆம் நிலைக்கு டெலி லென்ஸுக்கு மாறிப் பின்னால் போங்கள். நிறத்தை வெளிறச் செய்யும்போது சுவரிலும் துணியிலும் மட்டும் குறையுங்கள். நம் தோலிலிருந்து சிவப்பை எடுத்தால் செத்த முகமாகிவிடும்.

நடை

1944–45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வைப் பற்றி நடிகர் படிக்கட்டும். 36 தன்னார்வ ஆண்கள் 24 வாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,570 கலோரியில் வாழ்ந்து உடலெடையில் கால்பங்கை இழந்தார்கள். அவர்களிடம் கண்டவை எல்லாம் நடிப்புக்கு நேரே உதவும்: எப்போதும் குளிர்ந்தது, சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை, ஒரு தட்டுச் சோற்றைக் கிண்டிக் கிண்டி நெடுநேரம் உண்டார்கள், மற்றவரோடு பேசுவதை விட்டார்கள், சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தார்கள். ஆகவே வெயிலிலும் சட்டைக்கையை விரல்வரை இழுத்துவிடுவது, எழும் முன் நாற்காலியைப் பிடித்து ஒரு கணம் நிற்பது, மரப்பெஞ்சில் உட்கார முடியாமல் இடம் மாற்றுவது போன்றவற்றை ஒத்திகையில் பழக்குங்கள். மிகைப்படுத்தித் தள்ளாட வேண்டாம்.

தூக்கமில்லாத பாத்திரத்துக்காக நிஜமாகவே தூங்காமல் வரக்கூடாது. 17 முதல் 19 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருடைய நிலைக்கு இறங்கிவிடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அவர் வசனத்தை மறப்பது இருக்கட்டும், நள்ளிரவில் என்2 நெடுஞ்சாலையில் காரோட்டி வீடு திரும்ப வேண்டியவர்.

எடை

இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால் மட்டும். சராசரி உயரமுள்ளவர் ஏறக்குறைய 4 கிலோ இறங்கினால் முகத்தில் மற்றவர் கண்ணுக்குத் தெரியும் என்று டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். உங்களுக்கு வேண்டியது அந்த 4 கிலோதான். 70 கிலோ உள்ளவர் வாரம் அரைக் கிலோ வீதம் எட்டிலிருந்து பத்து வாரத்தில், பட்டினியில்லாமல் அதை எட்டலாம். சோற்றையும் ரொட்டியையும் பாதியாக்கி, டால், காய்கறி, மீன் அளவை அப்படியே வைத்து, பன்னி சவ்வையும் (குடைந்த ரொட்டியில் கறி நிரப்பியது) குளிர்பானத்தையும் நிறுத்தி, தினமும் ஒரு மணி நேரம் நடந்தால் போதும். எடைதூக்கும் பயிற்சியை நிறுத்தினால் தோளும் மெல்ல ஒடுங்கும். உயரத்துக்கான உடல் நிறைக் குறியீடு (BMI) 18.5-க்குக் கீழே போகக்கூடாது. ஏற்கனவே அதன் அருகில் இருப்பவர் இறங்கவே கூடாது.

புரட்டாசி விரதத்தையும் காவடி விரதத்தையும் இதோடு சேர்க்காதீர்கள், அவை வேறு நோக்கத்துக்கானவை. நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் பரவலாக உண்டு. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் உணவைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று விழுந்து மயங்கலாம், மருத்துவர் அளவை மாற்றித் தராமல் தொடங்கக்கூடாது. தண்ணீர் குடிக்காமலிருப்பது, சிறுநீர் மாத்திரை, காபியும் சிகரெட்டுமாக நாளை ஓட்டுவது மூன்றும் தடை. எழுந்தால் தலைசுற்றல், நெஞ்சு படபடப்பு, கால் வீக்கம், பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். தயாரிப்புக் குழுவில் ஒருவருக்கு, இயக்குநரைக் கேட்காமலே இதை நிறுத்தும் அதிகாரம் கொடுங்கள்.

நடிகர் உங்களுக்குத் தெரியாமல் ஐந்து நாளுக்குமேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாமல் இருந்துவிட்டார் என்று தெரிந்தால், கூட்டிப்போய் வயிறார பிரியாணி வாங்கிக் கொடுக்காதீர்கள். வெறும் உடலில் திடீரென்று மாவுச்சத்து இறங்கும்போது இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சரிந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். முதலில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், எத்தனை நாள், என்ன சாப்பிட்டார் என்பதை உள்ளபடி சொல்லி, இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். பிறகு அவர்கள் சொல்லும் அளவிலிருந்து சாப்பாட்டைத் தொடங்கலாம்.