ஈரல் செல்லை வைத்து மீனில் ரசாயனம் எவ்வளவு சேரும் என்று கணிப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

பாலக்காடு மாவட்டத்து முதலமடைப் பக்கம் மாந்தோப்புகளில் பூ பிடிக்கும் காலத்தில் மருந்து அடிப்பார்கள். மழை வந்தால் அதில் கொஞ்சம் ஓடையில் இறங்கும். அந்த மருந்து மீன்கரா அணை மீனில் எவ்வளவு சேரும் என்று சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்து எம்.எஸ்சி. பிள்ளைகள் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடும்போது கேட்பது வழக்கம். நல்ல கேள்விதான். ஆனால் அதை நேரடியாகச் சோதிக்க ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் 305-ஆம் எண் சோதனை வழிமுறைப்படி மீனை மருந்து கலந்த நீரில் வழக்கமாக 28 நாள் வளர்த்து, பிறகு நல்ல நீருக்கு மாற்றி, இடையிடையே பிடித்து அளக்க வேண்டும். ஒரே ஒரு ரசாயனத்துக்கு நூறு மீனுக்கு மேல் போய்விடும். கல்லூரி ஆய்வகத்தில் அது நடக்கிற காரியமில்லை.

அதனால் சுருக்கு வழி. ஈரல் செல்களை ஒரு குப்பியில் போட்டு, அவை ரசாயனத்தை எவ்வளவு வேகமாகச் சிதைக்கின்றன என்று பார்த்து, அதை முழு மீனுக்குப் பெருக்கிக்கொள்வது. 2018-இல் ஓ.இ.சி.டி. இதற்கு இரண்டு வழிமுறைகளை வெளியிட்டது. 319ஏ உறையவைத்த ரெயின்போ ட்ரௌட் ஈரல் செல்லுக்கு. 319பி அதே ஈரலை அரைத்து எடுக்கும் எஸ்9 என்ற பகுதிக்கு. இங்கே 319ஏ-வைப் பார்ப்போம்.

கணக்கின் முதல் வரி

மீனில் உள்ள செறிவை நீரில் உள்ள செறிவால் வகுத்தால் வருவது பி.சி.எஃப்., அதாவது உயிரிச் செறிவுக் காரணி. ஐரோப்பாவின் ரீச் என்ற ரசாயனச் சட்டத்தில் இது 2,000-ஐத் தாண்டினால் சேரும் பொருள், 5,000-ஐத் தாண்டினால் மிகவும் சேரும் பொருள். எளிதில் அழியாத நச்சுப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் வரம்பும் 5,000-தான்.

ஒரு பொருள் நீரைவிடக் கொழுப்பை எவ்வளவு விரும்புகிறது என்பதை ஆக்டனால்-நீர் பங்கீட்டு எண் சொல்லும். அதன் லாக் மதிப்பு 5 என்றால், எண் 1,00,000. மீனில் 5 விழுக்காடு கொழுப்பு என்று வைத்தால் 0.05 × 1,00,000 = 5,000. சிதைவே இல்லாவிட்டால் பி.சி.எஃப். சுமார் இவ்வளவு. ஈரல் இந்த எண்ணை எவ்வளவு கீழே இழுக்கிறது என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்கப் போகிறோம்.

படி 1: ரசாயனத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல் தடவையே உங்கள் ஊர் மருந்தில் கை வைக்காதீர்கள். பைரீனில் தொடங்குங்கள். இந்த வழிமுறையைப் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து சரிபார்த்தபோது பைரீன்தான் ஒப்பீட்டுப் பொருளாக இருந்தது. ட்ரௌட் செல் அதை நன்றாகவே சிதைக்கும். பைரீனுக்கு ஒழுங்கான கோடு வராவிட்டால் உங்கள் செல்லிலோ கையிலோ கோளாறு என்று தெரிந்துவிடும். கொழுப்பை விரும்பும் பொருள்கள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் எல்லாம் கண்ணாடிக் குப்பியில்தான்.

படி 2: செல்

"சார், மார்க்கெட் மீனோட ஈரலை எடுத்துக்கலாமா?" வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள். முடியாது. ஐஸில் கிடந்த மீனின் ஈரல் செல்கள் எப்போதோ செத்துப்போயிருக்கும். மயக்கிய மீனின் ஈரலுக்குள் குழாய் செருகி, கால்சியத்தை நீக்கும் கரைசலை ஓட்டி, பிறகு கொலாஜினேஸ் நொதியை ஓட்டினால்தான் செல்கள் உயிரோடு பிரியும். இதற்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பழகிய கையும் வேண்டும். புதியவர்கள் உறையவைத்த செல்லை வாங்கிக்கொள்வது நல்லது.

எஸ்9 பகுதியை எடுத்தால் நொதிகளுக்குத் தேவையான துணைப்பொருள்களை நீங்களே சேர்க்க வேண்டும். முழுச் செல்லில் அவை உள்ளேயே இருக்கும். பழகுகிறவர்களுக்கு முழுச் செல்லைத்தான் நான் சொல்வேன்.

ஏன் ட்ரௌட்? மூணாறு ராஜமலைப் பக்கத்து ஓடைகளிலும் நீலகிரி அவலாஞ்சியிலும் வளரும் அதே குளிர்நீர் மீன்தான். உலகம் முழுக்க இதை வைத்துச் செய்த ஆய்வு குவிந்துகிடக்கிறது, கணக்குக்குத் தேவையான உடலியல் எண்களும் கைவசம் இருக்கின்றன. மற்றபடி நம் ஊர் மீனுக்கும் இதற்கும் ஒட்டுறவு குறைவு. அதைப் பிறகு பார்ப்போம்.

படி 3: எண்ணுங்கள்

உருக்கிக் கழுவிய செல்லில் ஒரு பங்கும் ட்ரிபான் நீலம் ஒரு பங்கும் கலந்து, எண்ணும் சில்லில் ஒரு சொட்டு விடுங்கள். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது. உருண்டையாக, ஓரம் பளிச்சென்று தெரியும். செத்தது உள்ளே வரை நீலமாகிக் கிடக்கும். ஒரு பெரிய சதுரத்தில் சராசரியாக 52 உயிர்ச் செல் என்றால் 52 × 2 × 10,000, அதாவது மி.லி.க்கு 10.4 லட்சம். மி.லி.க்கு 10 லட்சம் வைத்துக்கொண்டால் பின்னால் கணக்கு எளிது. உயிர்ச் செல் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அன்றைய வேலையை நிறுத்திவிடுங்கள். அந்தக் குப்பியில் இருந்து வரும் எந்த எண்ணுக்கும் மதிப்பில்லை.

ஈரல் செல் கனமானது, நின்ற நிமிஷமே அடியில் படியும். ஒவ்வொரு முறை எடுக்கும் முன்பும் குப்பியை மெல்லச் சுழற்றுங்கள். பிப்பெட் நுனியைக் கொஞ்சம் வெட்டி வாயை அகலப்படுத்திக்கொண்டால் செல் நசுங்காது. மேலே தெளிந்த நீரை எடுத்துவிட்டு "சார், சிதைவே இல்லை" என்று வருகிறவர்கள் நிறைய.

படி 4: குப்பியில் விடுங்கள்

லெய்போவிட்ஸ் எல்-15 என்ற செல் வளர்ப்புக் கரைசலில் செல், 11 டிகிரி வெப்பம், மெதுவான ஆட்டம். ரசாயனத்தை மிகக் குறைந்த செறிவில் சேருங்கள், 1 மைக்ரோமோலார் அல்லது அதற்கும் கீழே. அதிகம் போட்டால் நொதிகள் திணறும், வேகம் பொய்யாகக் குறையும். இரண்டு செறிவில் முன்னோட்டம் பாருங்கள். குறைந்த செறிவில் வேக எண் (படி 5-இல் வரும்) கூடினால், அதிகச் செறிவு தேவைக்கு மீறியது என்று பொருள்.

4 மணி நேரம் வரை, குறைந்தது ஆறு தடவை கொஞ்சம் எடுத்து, ஐஸில் குளிர்ந்த அசிட்டோநைட்ரைலில் விடுங்கள். அந்த நொடியே வினை நின்றுவிடும். பிறகு மையவிலக்கில் சுற்றி, மேல்நீரை ஜி.சி.-எம்.எஸ். அல்லது எல்.சி.-எம்.எஸ். என்ற பகுப்பாய்வுக் கருவியில் அளக்கலாம்.

பக்கத்திலேயே சூடுபண்ணிக் கொன்ற செல்லிலும் இதே சோதனை ஓட வேண்டும். அங்கேயும் ரசாயனம் குறைந்தால் அது ஆவியாகிறது, அல்லது கண்ணாடியில் ஒட்டுகிறது. அதை ஈரலின் வேலை என்று எழுதிவிடக் கூடாது.

படி 5: சரிவு

செறிவுக்கு இயல் மடக்கை எடுத்து நேரத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வர வேண்டும். அதன் சரிவில் உள்ள கழித்தல் குறியை எடுத்துவிட்டால் கிடைப்பது வேக எண். எடுத்துக்காட்டுக்கு, 4 மணி நேரத்தில் 100 இருந்தது 67 ஆனால் மணிக்கு 0.1. இதை மி.லி.க்கு 10 லட்சம் செல்லால் வகுத்தால், 10 லட்சம் செல் மணிக்கு 0.1 மி.லி. நீரைச் சுத்தம் செய்கிறது என்று ஆகும். இதற்குப் பெயர் உள்ளார்ந்த கிளியரன்ஸ். ஆய்வக வேலை இத்தோடு முடிந்தது.

படி 6: செல்லில் இருந்து மீனுக்கு

இங்கே கொஞ்சம் நிதானமாக வாருங்கள். இந்த முறையின் பலமும் பலவீனமும் இந்த ஒரு படியில்தான் இருக்கிறது.

ட்ரௌட்டின் ஒரு கிராம் ஈரலில் சுமார் 51 கோடி செல். ஈரல் உடல் எடையில் 1.5 விழுக்காடு, அதாவது கிலோவுக்கு 15 கிராம். ஆகவே ஒரு கிலோ மீனில் 765 கோடி ஈரல் செல். 10 லட்சத்துக்கு 0.1 மி.லி. என்றால் மணிக்கு 765 மி.லி., நாளுக்குச் சுமார் 18.4 லி.

ஆனால் ஈரலுக்கு வரும் ரத்தத்தை மீறி ஈரலால் எதையும் சுத்தம் செய்ய முடியாது. எடுத்துக்காட்டுக்கு ஈரல் வழியாக ஓடும் ரத்தம் நாளுக்குக் கிலோவுக்கு 12 லி. என்று வைப்போம். சூத்திரம் இது: ரத்த ஓட்டத்தையும் கிளியரன்ஸையும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 12 × 18.4 ÷ 30.4 = 7.3 லி. ரசாயனம் உடலில் பரவியிருக்கும் கணக்குக் கொள்ளளவு (உடலில் உள்ள மொத்த ரசாயனத்தை ரத்தத்தில் உள்ள செறிவால் வகுத்தது) கிலோவுக்கு 7 லி. என்று கொண்டால், 7.3-ஐ 7-ஆல் வகுத்து நாளுக்குச் சுமார் 1.04. இதுதான் முழு மீனின் சிதைவு வேகம்.

10 கிராம் மீனின் செவுள் நாளுக்குக் கிலோவுக்குச் சுமார் 250 லி. நீரில் உள்ள ரசாயனத்தை இழுக்கிறது. சிதைவு இல்லாதபோது பி.சி.எஃப். 5,000 என்றால், செவுள் வழியாக வெளியேறும் வேகம் 250 ÷ 5,000 = 0.05. இப்போது சிதைவையும் சேர்த்தால் 250 ÷ (0.05 + 1.04), ஏறக்குறைய 230.

5,000-இல் இருந்து 230! சந்தோஷப்படாதீர்கள். ஒரு விஷயத்தை விட்டுவிட்டோம். மீனின் ரத்தத்தில் இந்த ரசாயனம் பெரும்பாலும் புரதத்தோடும் கொழுப்போடும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டாமல் தனியாக இருக்கும் பங்குதான் செல்லுக்குள் போகும். குப்பியிலும் ஒட்டுதல் உண்டு, ஆனால் ரத்தத்தை விடக் குறைவு. ரத்தத்தின் தனிப் பங்கைக் குப்பியின் தனிப் பங்கால் வகுத்து, அந்த விகிதத்தால் கிளியரன்ஸைப் பெருக்க வேண்டும். மேலே அதை 1 என்று எடுத்துக்கொண்டோம். 0.05 என்று எடுத்தால் 18.4 லிட்டர் 0.92 ஆகும். ஈரல் கிளியரன்ஸ் 0.85, சிதைவு வேகம் 0.12, பி.சி.எஃப். சுமார் 1,450.

அதே செல், அதே குப்பி, அதே கோடு. ஒரு எண்ணை மாற்றியதும் விடை ஆறு மடங்கு நகர்ந்துவிட்டது. கொழுப்பை விரும்பும் பொருள்களுக்கு இந்த விகிதத்தைச் சரியாகக் கணிப்பது கடினம், அதனால் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்ப்பது இந்தத் துறையில் நடைமுறை. அறிக்கையில் ஒரே ஒரு எண்ணை மட்டும் எழுதுகிறவரை நான் நம்ப மாட்டேன். இந்த எடுத்துக்காட்டில் இரண்டு விடையும் 2,000-க்குக் கீழே இருப்பதால் முடிவு ஒன்றுதான். ஒன்று 1,200, மற்றொன்று 3,800 என்று வந்திருந்தால், முடிவு சொல்ல முடியவில்லை என்றுதான் எழுத வேண்டும்.

இந்தக் கணக்கை இன்றே எக்செல்லில் போட்டுப் பாருங்கள். ஆய்வகம் தேவையில்லை. ஒட்டுதல் விகிதத்தையும் வேக எண்ணையும் மட்டும் மாற்றிக்கொண்டே வந்தால் எது எதை ஆட்டுகிறது என்று கைக்குப் புரியும். வேக எண் மிக அதிகமானால் ரத்த ஓட்டம் தடையாகி, விடை அசையாமல் நிற்பதையும் காண்பீர்கள்.

படி 7: ட்ரௌட்டில் இருந்து நம் ஊர் மீனுக்கு

அணையில் கிடைப்பது திலேப்பியா, ரோகு, கட்லா, விரால். ட்ரௌட் எண்ணை அப்படியே இவற்றின் தலையில் கட்ட முடியாது.

முதலில் வெப்பம். சோதனை 11 டிகிரியில், நம் குளம் 28 டிகிரியில். பத்து டிகிரிக்கு வேகம் இரண்டு மடங்கு என்ற பொது விதியைப் பிடித்தால் சிதைவு மூன்று மடங்குக்கு மேல் கூடும். ஆனால் சூட்டில் மீன் வேகமாகச் சுவாசிக்கும், செவுள் வழியாக உள்ளே வருவதும் கூடும். தவிர, நம் ஊர் மீனின் நொதிகள் அந்த வெப்பத்துக்கே பழகியவை. ஆகவே ஒரு பக்கத்தை மட்டும் பெருக்கினால் விடை பொய்யாகச் சின்னதாகிவிடும். அந்தந்த மீனின் செல்லை அதன் வெப்பத்திலேயே ஓட்டி, அதன் ஈரல் எடை, கொழுப்பு, செவுள் எண்களைப் போடுவதுதான் நேர் வழி.

அப்புறம் நொதி. பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகளைப் பாலூட்டிகள் வேகமாக உடைத்துவிடும், ட்ரௌட் மெதுவாகத்தான் உடைக்கும். மீனுக்கு அவை கடும் விஷமாவதற்கு இதுவும் ஒரு காரணம். மீன் செல் எண்ணை மாட்டுக்கோ மனிதனுக்கோ நீட்டக் கூடாது. காற்றைச் சுவாசிக்கும் உயிர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீரில் ஓரளவு கரைந்தாலும் எளிதில் ஆவியாகாத பொருளை மீன் செவுள் வழியாக வெளியே தள்ளிவிடும். நுரையீரலால் அது முடியாது. மீனில் சேராத பொருள் பாலூட்டியில் சேரலாம்.

மூன்றாவது, சிதைந்து என்ன ஆகிறது என்பது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 2000 வரை ஹெலிகாப்டரில் தெளித்த எண்டோசல்ஃபானை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்ந்தது, அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றமும் தடை விதித்தது. மீனின் உடலில் அது எண்டோசல்ஃபான் சல்பேட்டாக மாறும். அதுவும் விஷம்தான், தாய்ப்பொருளைவிட நீண்ட நாள் நிற்கும். நம் குப்பியில் தாய்ப்பொருள் குறைவது மட்டும்தான் தெரியும். கோடு அழகாகச் சரியும், பி.சி.எஃப். இறங்கும், மீனில் விஷம் அப்படியே இருக்கும். எம்.எஸ். கருவியில் விளைபொருளையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள்.

இந்த முறை வேண்டாத இடங்கள்

பி.எஃப்.ஓ.எஸ். போன்ற ஃப்ளூரின் பொருள்களை ஈரல் சிதைக்காது. அவை கொழுப்பில் அல்லாமல் புரதத்தில் ஒட்டுவதால் மேலே போட்ட 0.05 கொழுப்புக் கணக்கே அவற்றுக்குப் பொருந்தாது. சட்டென ஆவியாகும் பொருள்களைத் திறந்த குப்பியில் அளக்க முடியாது. பாதரசம், காட்மியம் எல்லாம் தனிமங்கள், அவற்றைச் சிதைக்க வழியே இல்லை. அப்படிப்பட்ட தலைப்பு என்றால் செல்லுக்குச் செலவழிக்காமல், வலைக்காரரிடம் மீன் வாங்கித் தசையை நேரடியாக அளந்துவிடுங்கள்.