பாலிட்டியை நெட்டுரு போடாம படிக்கிறது எப்படி – டிஎன்பிஎஸ்சி, யூபிஎஸ்சி எழுதப்போறவங்களுக்கு

பாலிட்டினாலே, அதாவது அரசியலமைப்புப் பாடம்னாலே, ஆர்ட்டிகிள் (அரசியலமைப்போட பிரிவு) நம்பர் மனப்பாடம்னு நிறைய பேர் நினைச்சுட்டு 1ல இருந்து ஆரம்பிச்சு எழுதி எழுதிப் பார்க்குறாங்க, 30 தாண்டுறதுக்குள்ள 14க்கும் 16க்கும் குழப்பம் வந்துடுது, அப்புறம் பாலிட்டி எனக்கு வராதுன்னு முடிவு பண்ணிடுறாங்க. தயவுசெஞ்சு அந்த முடிவுக்கு வராதீங்க. நம்பர் தனியா மண்டையில நிக்காது, அந்த நம்பரால யாருக்கு என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சா தானா நிக்கும். அதுலயும் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கு, இந்திய அரசியலமைப்போட முக்கியமான சண்டைகள்ல பாதி மெட்ராஸ் மாகாணத்துலயும் தமிழ்நாட்டுலயும் நடந்தது. நம்ம ஊர் கதையை வச்சே முக்கால்வாசி பாலிட்டியைப் படிச்சிடலாம்.

முதல்ல முகவுரையை எடுக்காதீங்க, 315ல இருந்து 323 வரைக்கும் எடுங்க. நீங்க எழுதப்போற தேர்வை நடத்துற ஆணையம் எந்த அதிகாரத்துல உட்கார்ந்திருக்குன்னு சொல்ற பகுதி அது, ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். 1929லயே மெட்ராஸ்ல சட்டம் போட்டு சர்வீஸ் கமிஷன் அமைச்சாங்க, மாகாண அளவுல நாட்டுக்கே அதுதான் முன்னோடி. இப்போ டிஎன்பிஎஸ்சி தலைவரை யார் நியமிக்கிறது? கவர்னர். யார் நீக்குறது? குடியரசுத் தலைவர். கவர்னரால இடையில சஸ்பெண்ட் பண்ணலாம், அதுவும் விஷயம் உச்சநீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட பிறகுதான், நீக்க முடியாது. பதவிக்காலம் 6 வருஷம் இல்லாட்டி 62 வயசு, எது முன்னாடி வருதோ அது, யூபிஎஸ்சிக்கு மட்டும் 65. நியமிக்கிறவர் வேற நீக்குறவர் வேற ஏன்னு ஒரு நிமிஷம் யோசிங்க, மாநில அரசு தனக்குப் பிடிக்காத தலைவரைத் தூக்கிட்டா உங்க தேர்வு முடிவு நேர்மையா வருமா? இந்த ஏன் புரிஞ்சிடுச்சுன்னா மாநிலத் தேர்தல் ஆணையரும் அப்படித்தான், நியமிக்கிறது கவர்னர், நீக்கணும்னா உயர்நீதிமன்ற நீதிபதியை நீக்குற முறைங்கிறது 243கேயைப் பார்க்காமலே வந்துடும். அட்வகேட் ஜெனரலுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது, அவர் கவர்னரோட விருப்பம் இருக்கிற வரைக்கும்தான், ஏன்னா அவர் அரசோட வக்கீல், சுதந்திரமான அமைப்பு இல்ல.

அடுத்து ஜோடி ஜோடியா படிக்கிற வேலை. மத்திய அரசுக்கு ஒரு ஆர்ட்டிகிள் இருந்தா மாநிலத்துக்கும் பெரும்பாலும் ஒண்ணு இருக்கும், ஒரு பழைய நோட்டுல நடுவுல கோடு போட்டு இடது பக்கம் டெல்லி வலது பக்கம் சென்னைன்னு எழுதிக்கோங்க. அமைச்சரவை ஆலோசனை 74க்கு 163, அமைச்சர்கள் நியமனம் 75க்கு 164, அட்டர்னி ஜெனரல் 76க்கு அட்வகேட் ஜெனரல் 165, மன்னிப்பு அதிகாரம் 72க்கு 161, பண மசோதா 110க்கு 199, பட்ஜெட் 112க்கு 202, அவசரச் சட்டம் 123க்கு 213, மசோதாவுக்கு ஒப்புதல் 111க்கு 200, ரிட், அதாவது உரிமையைக் காப்பாத்த கோர்ட் போடுற ஆணை, 32க்கு 226. இதை எழுதி முடிச்சதும் எங்கெல்லாம் ஜோடி இல்லையோ அதை சிவப்புல வட்டம் போடுங்க, கேள்வி அங்கதான் வரும். 108, ரெண்டு அவையும் சேர்ந்து உட்கார்ற கூட்டுக் கூட்டம், அதுக்கு மாநிலத்துல ஜோடி இல்ல, மேலவை இருக்கிற மாநிலத்துலயும் கூட்டுக் கூட்டம் கிடையாது. ராணுவ நீதிமன்ற தண்டனையைக் குறைக்கிற அதிகாரம் 72ல மட்டும்தான், 161ல இல்ல. 32 அடிப்படை உரிமைக்கு மட்டும், 226 அதையும் தாண்டி வேற சட்ட உரிமைக்கும் சேர்த்து, அதனால ரிட் விஷயத்துல உயர்நீதிமன்றத்தோட எல்லை பெருசு, இதை நிறைய பேர் தலைகீழா டிக் பண்ணிட்டு வர்றாங்க.

இப்போ அடிப்படை உரிமை, 12ல இருந்து 35. இங்க மூணு மெட்ராஸ் கேஸை எடுத்துக்கோங்க, மூணும் அரசியலமைப்பு அமலுக்கு வந்த முதல் ஒன்றரை வருஷத்துக்குள்ள தீர்ப்பானது. ஒண்ணு ஏ.கே.கோபாலன் கேஸ், 1950. கம்யூனிஸ்ட் தலைவர், தடுப்புக் காவல் சட்டத்துல மெட்ராஸ்ல சிறையில இருந்தாரு, 21ஐயும் (உயிர், தனிமனித சுதந்திரம்) 19ஐயும் (பேச்சு, நடமாட்டம் மாதிரி சுதந்திரங்கள்) காட்டி வாதாடினார், நாடாளுமன்றம் போட்ட சட்டத்துல சொன்ன நடைமுறையைப் பின்பற்றினா போதும், அது நியாயமான நடைமுறையான்னு நாங்க பார்க்க மாட்டோம்னு கோர்ட் சொல்லிடுச்சு. அந்தக் குறுகலான பார்வை மாற 1978 மேனகா காந்தி கேஸ் வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு. இந்த ரெண்டு கேஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சா 14 (சமத்துவம்), 19, 21 மூணும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்குறது புரியும், இன்னைக்கு அந்தரங்க உரிமை வரைக்கும், அதாவது 2017 புட்டசாமி கேஸ் வரைக்கும், 21 இவ்வளவு பெருசானது எப்படின்னும் புரியும்.

ரெண்டாவது ரொமேஷ் தாப்பர் கேஸ், அதுவும் 1950. பம்பாய்ல அவர் நடத்தின கிராஸ் ரோட்ஸ் பத்திரிகை மெட்ராஸ் மாகாணத்துக்குள்ள வரக்கூடாதுன்னு இங்க இருந்த அரசு தடை போட்டுச்சு, செல்லாதுன்னு தீர்ப்பு வந்துச்சு, ஏன்னா பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த என்னென்ன காரணம் சொல்லலாம்னு பட்டியல் போடுற 19(2)ல அப்போ பொது ஒழுங்குங்கிற காரணமே இல்ல.

மூணாவது செண்பகம் துரைராஜன் கேஸ், 1951. கம்யூனல் ஜி.ஓ. தெரியும்ல, மருத்துவம் இன்ஜினியரிங் சீட்டை 14, 14ஆ பிரிச்சு இந்தச் சமூகத்துக்கு இத்தனைன்னு ஒதுக்குன அரசாணை. மதம், சாதியை மட்டும் காரணம் காட்டி அரசுக் கல்லூரியில இடம் மறுக்கக்கூடாதுன்னு சொல்ற 29(2)க்கு எதிரானதுன்னு அது ரத்தாச்சு. தமிழ்நாட்டுல பெரிய போராட்டம், பெரியாரும் களத்துல இறங்கினாரு, அந்த அழுத்தத்துல 1951 ஜூன்லயே முதல் திருத்தம் வந்து, பின்தங்கியவங்களுக்கு சிறப்பு ஏற்பாடு பண்ணலாம்னு சொல்ற 15(4) சேர்ந்துச்சு. அதே திருத்தத்துலதான் 19(2)ல பொது ஒழுங்கும் சேர்ந்துச்சு, நிலச் சீர்திருத்த சட்டங்களைக் காப்பாத்த ஒன்பதாவது அட்டவணையும் 31பியும் வந்துச்சு. பாருங்க, முதல் திருத்தம்னா என்னென்னன்னு தனியா மனப்பாடம் பண்ணவே தேவையில்ல, ரெண்டு மெட்ராஸ் கேஸும் ஜமீன்தாரி ஒழிப்பும் தெரிஞ்சா போதும்.

அந்த ஒன்பதாவது அட்டவணையை விடாம பிடிச்சுக்கிட்டே முன்னாடி வாங்க. 1973 ஏப்ரல் 24, கேசவானந்த பாரதி, 13 நீதிபதிகள், 7க்கு 6, நாடாளுமன்றம் எதை வேணா திருத்தலாம் ஆனா அடிப்படைக் கட்டமைப்பை உடைக்கக்கூடாது. 1992ல இந்திரா சஹானி, இட ஒதுக்கீட்டுக்கு 50 சதவீத வரம்பு. நம்மகிட்ட 69. அதைக் காப்பாத்த 1993ல தமிழ்நாடு சட்டம் போட்டாங்க, 1994ல 76ஆவது திருத்தம் மூலமா அந்தச் சட்டம் ஒன்பதாவது அட்டவணைக்குள்ள போச்சு. அங்க வச்சிட்டா கோர்ட் தொட முடியாதுன்னு இருந்த நம்பிக்கையை 2007ல ஐ.ஆர்.கோயல்ஹோ எதிர் தமிழ்நாடு அரசு கேஸ் மாத்திடுச்சு, 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு சேர்ந்த சட்டம் எதுவா இருந்தாலும் அடிப்படைக் கட்டமைப்பை மீறுதான்னு பார்க்கலாம்னு ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதா சொன்னாங்க. குரூப் 1 மெயின்ஸ்ல சமூக நீதி பத்தி ஒரு கேள்வி வந்தா இந்த ஒரே சங்கிலியை வரிசையா எழுதினாலே விடை கனமா இருக்கும், ஜி.ஓ. காலத்துல இருந்து கோயல்ஹோ வரைக்கும்.

356க்கு வர்றேன், மாநில ஆட்சியைக் கலைச்சு குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டு வர்ற ஆர்ட்டிகிள், இதுல நம்ம மாநிலம் வாங்குன அடி கொஞ்சம் இல்ல. 1976 ஜனவரி 31 திமுக ஆட்சி, 1980 பிப்ரவரி 17 எம்ஜிஆர் ஆட்சி, 1988 ஜனவரியில எம்ஜிஆர் மறைவுக்கு அப்புறம் ஜானகி அம்மா ஆட்சி, 1991 ஜனவரி 30 மறுபடி திமுக ஆட்சி. இதுல கடைசி ஒண்ணைக் கவனமா பாருங்க, அப்போ கவர்னரா இருந்த பர்னாலா அறிக்கை அனுப்பவே இல்ல, ஆனாலும் ஆட்சி கலைஞ்சுது. எப்படி? 356ல கவர்னர் அறிக்கை மூலமாகவோ 'வேறு வகையிலோ' குடியரசுத் தலைவர் திருப்தி அடைஞ்சா போதும்னு இருக்கு, அந்த ரெண்டு வார்த்தைதான் வேலை செஞ்சுது. 1994 பொம்மை தீர்ப்புக்குப் பிறகு அவ்வளவு ஈசியா கலைக்க முடியாது, பெரும்பான்மையை சட்டமன்றத்துலதான் சோதிக்கணும், கலைச்சது சரியான்னு கோர்ட்டும் பார்க்கலாம். கூடவே நம்பரையும் முடிச்சிடுங்க. 352, தேசிய அவசரநிலைன்னா ஒரு மாசத்துக்குள்ள சிறப்புப் பெரும்பான்மையில ஒப்புதல், 356ம் 360ம் (நிதி அவசரநிலை) ரெண்டு மாசத்துக்குள்ள சாதாரண பெரும்பான்மை, 356 அதிகபட்சம் மூணு வருஷம், ஒரு வருஷத்தைத் தாண்டணும்னா 44ஆவது திருத்தம் வச்ச ரெண்டு நிபந்தனை, 360 இதுவரைக்கும் ஒரு தடவை கூட போட்டதில்ல.

ரிட் அஞ்சையும் நிறைய பேர் கலந்துடுவாங்க, அதுல குவோ வாரண்டோதான் ரொம்ப வழுக்கும். 2001ஐ ஞாபகம் வச்சுக்கோங்க. ஜெயலலிதா தண்டனை காரணமா தேர்தல்லயே நிக்க முடியல, ஆனா கட்சி ஜெயிச்சு முதல்வரா பதவி ஏத்தாங்க, எம்எல்ஏ இல்லாதவரும் ஆறு மாசம் அமைச்சரா இருக்கலாமேன்னு 164(4)ஐக் காட்டினாங்க. நீங்க எந்தத் தகுதியில இந்தப் பதவியில இருக்கீங்கன்னு கேட்குறதுதான் குவோ வாரண்டோ. அந்த ஆறு மாசம் எம்எல்ஏ ஆகிற தகுதி உள்ளவருக்குத்தான், தகுதி இழந்தவருக்கு இல்லன்னு செப்டம்பர் 21ல பி.ஆர்.கபூர் கேஸ்ல தீர்ப்பு வந்து பதவி போச்சு. இதே மாதிரி தேர்தலை எதிர்த்து தேர்தல் மனு மூலமாத்தான் கோர்ட்டுக்குப் போகணும்னு சொல்ற 329(பி)க்கு 1952 பொன்னுசாமி கேஸ், நாமக்கல்ல வேட்புமனுவைத் தள்ளுபடி பண்ணதை எதிர்த்து நடுவுலயே கோர்ட்டுக்குப் போனாரு, தேர்தல் முடிஞ்சதும் தேர்தல் மனுவா வாங்கன்னு அனுப்பிட்டாங்க.

கணக்கு வர்ற இடத்தையெல்லாம் கையால ஒரு தடவை போட்டுப் பாருங்க, பார்த்துட்டுப் போனா பத்தாது. குடியரசுத் தலைவர் தேர்தல்ல தமிழ்நாட்டு எம்எல்ஏ ஓட்டு மதிப்பு எவ்வளவு? 1971 மக்கள்தொகை 4,11,99,168, அதை 234ஆல வகுங்க, வந்ததை 1000ஆல வகுங்க, 176. 2011 மக்கள்தொகை ஏன் இல்லன்னு கேளுங்க, குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்கா பண்ண மாநிலங்கள் நஷ்டப்படக்கூடாதுன்னு தொகுதி எண்ணிக்கையோட சேர்த்து இதையும் 1971லயே நிறுத்தி வச்சிருக்காங்க, 84ஆவது திருத்தப்படி 2026க்குப் பிறகு வர்ற முதல் சென்சஸ் வரைக்கும். தொகுதி மறுவரையறை சண்டைக்கு வேர் இங்கதான் இருக்கு. அடுத்து அமைச்சரவை அளவு, 91ஆவது திருத்தம், 15 சதவீதம், 234ல 35 பேர், முதல்வரையும் சேர்த்து. மேலவை அதிகபட்சம் பேரவையில மூணுல ஒரு பங்கு, அப்போ நமக்கு 78, 1986ல நம்ம மேலவையைக் கலைச்சாச்சு, கலைக்கணும்னாலும் திரும்பக் கொண்டுவரணும்னாலும் 169, பேரவை சிறப்புப் பெரும்பான்மையில தீர்மானம் போடணும், ஆனா நாடாளுமன்றம் சாதாரண பெரும்பான்மையில சட்டம் போட்டா போதும்.

உள்ளாட்சியை 73, 74 திருத்தம், 11ஆவது அட்டவணையில 29, 12ஆவதுல 18 துறைன்னு ஒரு நாள்ல முடிக்கலாம், இதுக்கு ரொம்ப நேரம் செலவு பண்ண வேண்டாம். அதே நேரத்தை 42ஆவது திருத்தத்துக்குக் கொடுங்க, கல்வி மாநிலப் பட்டியல்ல இருந்து பொதுப் பட்டியலுக்குப் போனது 1976ல அதுலதான், நீட் பத்தி எந்த விவாதம் வந்தாலும் கடைசியில அங்கதான் போய் நிக்கும்.

நடப்பு நிகழ்வுல மசோதா ஒப்புதல் பத்தின 200ஐ மட்டும் அலட்சியம் பண்ணாதீங்க. தமிழ்நாடு கவர்னர் நிறுத்தி வச்சிருந்த பத்து மசோதாவுக்கும் ஒப்புதல் கிடைச்சதா கருதலாம்னு 2025 ஏப்ரல் 8ல உச்சநீதிமன்றம் 142ஐ (முழு நீதி கிடைக்க ஆணை போடுற அதிகாரம்) வச்சு தீர்ப்பு சொன்னுச்சு, காலக்கெடுவும் வச்சுது. அப்புறம் குடியரசுத் தலைவர் 143ல, அதாவது உச்சநீதிமன்றத்தோட ஆலோசனை கேட்குற ஆர்ட்டிகிள்ல, கேள்வி அனுப்பி, அஞ்சு நீதிபதி அமர்வு நவம்பர் 20ல பதில் சொன்னாங்க, காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைச்சதா கருதுறதும் முடியாது, ஆனா காரணமே சொல்லாம நீண்ட நாள் கிடப்புல போட்டா கோர்ட் ஓரளவு தலையிடலாம்னு. பழைய நோட்ஸ் வச்சிருக்கிறவங்க ஏப்ரலோட நின்னுடுவீங்க, கேள்வி நவம்பர்ல இருந்து வரும். ரெண்டையும் தேதியோட எழுதி, பக்கத்துலயே 141, 142, 143 மூணுக்கும் என்ன வித்தியாசம்னும் எழுதிக்கோங்க.

புத்தகம் எதுன்னு கேட்டா, சமச்சீர் 6ல இருந்து 10 குடிமையியல், 11, 12 அரசியல் அறிவியல், இதை முடிச்சிட்டு அரசியலமைப்போட மூல வாசகத்தைப் பக்கத்துல வச்சுக்கோங்க, மத்திய சட்டத்துறை தளத்துல பிடிஎஃப் ஃப்ரீயாவே கிடைக்குது. மேல சொன்ன ஒவ்வொரு கேஸுக்கும் அந்த ஆர்ட்டிகிளை மூலத்துல ஒரு தடவையாவது முழுசா படிங்க, 356ல 'வேறு வகையிலோ' இருக்குறதை நீங்களே கண்ணால பார்த்தா அது வேற.

பழைய வினாத்தாளை எடுக்கும்போது சரியான விடையை டிக் பண்ணிட்டு அடுத்ததுக்குப் போயிடாதீங்க, தப்பான மூணு ஆப்ஷனும் எந்தக் கேள்விக்கு சரியான விடையா இருக்கும்னு பக்கத்துல பென்சில்ல எழுதுங்க. உதாரணத்துக்கு குடியரசுத் தலைவர் தேர்தல்ல யார் ஓட்டுப் போட முடியாதுன்னு கேட்டு நியமன உறுப்பினர்னு விடை வந்தா, அதே நியமன எம்பி பதவி நீக்கத் தீர்மானத்துல ஓட்டுப் போடலாம், தேர்ந்தெடுக்கப்பட்ட எம்எல்ஏன்னா குடியரசுத் தலைவர் தேர்தல்ல ஓட்டுப் போடலாம், அவரோட பதவி நீக்கத்துல முடியாது, துணைக் குடியரசுத் தலைவர் தேர்தல்ல நியமன எம்பிக்கு ஓட்டு உண்டு எம்எல்ஏவுக்கு இல்ல. ஒரு கேள்வியில நாலு கேள்வி முடிஞ்சிடுச்சு, அந்த நாலுல ஒண்ணு அடுத்த தேர்வுல வர நிறையவே வாய்ப்பு இருக்கு.