வேட்டை மீனுக்கு லூர்: நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

தூண்டிலில் கட்டும் செயற்கை இரையான லூர் வாங்கப் போனால் கண் முதலில் நிறத்துக்குத்தான் போகும். ஆனால் மீன் நிற்கும் ஆழத்துக்கு அது போகுமா, அந்த மீன் துரத்தும் வேகத்தில் அதை இழுக்க முடியுமா என்பவைதான் முதலில் கேட்க வேண்டியவை.

அதற்கும் முன்னால், ராடில் (தூண்டில் கம்பில்) கைப்பிடிக்கு மேலே அச்சிட்டிருக்கும் லூர் எடையைப் படியுங்கள். 7–21 கிராம் என்றிருந்தால் 10 முதல் 15 கிராம் வரை சுகமாக வீசலாம். 4 கிராம் லூருக்கு அந்த ராட் வளையாது, தூரமும் போகாது. 40 கிராமைக் கட்டி முழு வேகத்தில் வீசினால் ராட் ஒடிந்துபோகலாம்.

மின்னோ, கிராங்க்பெய்ட் என்ற மீன் வடிவக் கெட்டி லூர் வகைகளில் வாய்க்குக் கீழே உள்ள தகடுதான் ஆழத்தைத் தீர்மானிக்கிறது. சிறிய தகடு செங்குத்தாகத் தொங்கினால் லூர் மேலாகவே நீந்தும். நீளமான தகடு முன்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் ஆழத்துக்கு இறங்கும். இவற்றின் வளையத்தில் முடிச்சை இறுக்கிப் போட்டால் ஆட்டம் செத்துவிடும். சிறிய ஸ்னாப் (கொக்கி கிளிப்) போடுங்கள், இல்லையென்றால் வளையத்தை இறுக்காத லூப் முடிச்சு. நேராக வராமல் இடப்பக்கம் ஓடுகிறதா? லூரின் வாய் உங்களைப் பார்த்தபடி பிடித்து, நூல் கட்டும் வளையத்தை இடுக்கியால் இம்மியளவு வலப்பக்கம் வளைத்துவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள்.

தாமரை இலை, பாசி மண்டிய இடத்தில் விராலுக்கு ரப்பர் தவளைதான். தூண்டில் முள் இரண்டும் முதுகோடு ஒட்டியிருப்பதால் செடியில் மாட்டாது. 40–50 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நூல்) வேண்டும். மெல்லிய நூலில் செடிக்குள் புகுந்த மீனை வெளியே எடுக்க முடியாது. இங்கே மீனைத் தவறவிடப் பெரும்பாலும் காரணம் அவசரம். தண்ணீர் வெடித்ததும் சுண்டினால் தவளை உங்கள் முகத்துக்குத்தான் திரும்பி வரும். ராட் நுனியைத் தாழ்த்தி, தொய்வைச் சுற்றி எடுத்து, கனம் தெரிந்த பிறகு முள் குத்தும்படி ராடை ஓங்கி இழுங்கள். சில வீச்சுகளுக்கு ஒருமுறை தவளையைப் பிதுக்கி உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற்றுங்கள், கனத்துப்போனால் மிதக்காது.

சாஃப்ட் பிளாஸ்டிக்கை (மென்மையான ரப்பர் லூரை) ஜிக் ஹெட்டில், அதாவது எடைத் தலை வைத்த முள்ளில், கோக்கும் முன், முள்ளை அதன் பக்கத்தில் வைத்து வளைவு எங்கே வருகிறது என்று அளந்து அங்கே வெளியே எடுங்கள். கோணலாகக் கோத்தால் சுழலும், நூல் முறுக்கேறும். மீனின் கடி பெரும்பாலும் லூர் இறங்கும்போதுதான் விழும். ஆகவே நூலை லேசான இறுக்கத்தில் வைத்து அதையே பாருங்கள். தரையைத் தொடும் முன்பே நூல் நின்றாலோ, பக்கவாட்டில் நகர்ந்தாலோ, அது மீன்.

கொடுவாயின் செவுள் மூடி கத்தி மாதிரி அறுக்கும். லூருக்கு முன்னால் கட்டும் 30–40 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர் நூல் ஒரு மீட்டராவது இருக்கட்டும். கூர்ப்பல் மீன்களுக்கு எஃகுக் கம்பி. டிராகை (மீன் இழுக்கும்போது ரீல் நூலை விடும் இறுக்கத்தை) நூலின் தாங்குதிறனில் நான்கில் ஒரு பங்குக்கு வையுங்கள்.

மீன் பின்தொடர்ந்து வந்து கடிக்காமல் திரும்பினால் முதலில் வேகத்தை மாற்றுங்கள்: நான்கு சுற்று, இரண்டு வினாடி நிறுத்தம், மறுபடி சுற்று. நின்று கிளம்பும் நொடியில்தான் பல மீன்கள் பாயும். அதற்கும் மசியவில்லையா, சின்ன லூர். கடைசியில் நிறம்: தெளிந்த தண்ணீருக்கு வெள்ளி, கலங்கலுக்குக் கறுப்பு அல்லது உள்ளே குண்டு கலகலக்கும் வகை.

முள் முனையை நகத்தின் மேல் வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் தீட்டுங்கள், துருவேறியிருந்தால் மாற்றுங்கள். மூன்று முள் லூரில் மாட்டிய மீனை வெறுங்கையால் விடுவிக்காதீர்கள். அது ஒருமுறை துள்ளினால் மிச்ச முள் உங்கள் விரலில்.