வேட்டை ரைஃபிளுக்குக் கையால் தோட்டா நிரப்புவது: .308 வின்செஸ்டரில் குறி இறுக்குவதற்கான செய்முறை

கடையில் வாங்கும் .308 வின்செஸ்டர் தோட்டா, 1952 முதல் இன்றுவரை அந்த அளவில் வந்த எல்லா ரைஃபிளின் சேம்பருக்குள்ளும் (தோட்டா உட்காரும் அறை) தடையில்லாமல் நுழைந்தாக வேண்டும். ரெடிமேட் சட்டை மாதிரி, யாருக்கும் இறுக்கிவிடக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் தளர்வாகவே தைத்திருப்பார்கள். கையால் நிரப்புகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் தோட்டா ஒரே ஒரு ரைஃபிளுக்குப் பொருந்தினால் போதும். குறி இறுகுவதற்கு, அதாவது குத்துகள் நெருங்கி விழுவதற்கு, முதல் காரணம் இந்த அளவெடுத்துத் தைப்பதுதான். விலையுயர்ந்த வெடிமருந்தும் குண்டும் அதற்கு அடுத்துதான்.

முதலில் சட்டம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்பதற்கு நிரப்பினால் தேவை. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். வேட்டைக்கும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடை போட்டிருக்கிறது. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவரின் மேசையை மனதில் வைத்து.

தோட்டாவைத் தொடுவதற்கு முன் ரைஃபிள்

ஸ்கோப் வளையத் திருகு தளர்ந்திருந்தால் எந்த மருந்தும் காப்பாற்றாது. வளையங்களையும் கட்டையை (தோளில் அணைக்கும் பகுதி) இறுக்கும் திருகுகளையும் தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் (இறுக்க அளவில்) இறுக்குங்கள். மிதக்கும் குழல் என்று சொல்லி விற்ற ரைஃபிளானால், குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து இழுத்துப் பாருங்கள். பாதியில் சிக்கினால் கட்டை குழலைத் தொடுகிறது, சூடேறச் சூடேறக் குறி நகரும். குழலுக்குள் படிந்த செம்பையும் ஒருமுறை கரைத்து எடுத்துவிடுங்கள். பிறகு கடைத் தோட்டாவில் பத்து சுட்டு, தாளைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள். நீங்கள் செய்யப்போகும் வேலை பலன் தந்ததா இல்லையா என்று பின்னால் சொல்லப்போவது அந்தத் தாள்தான்.

என்னென்ன வேண்டும்

ஒரு சிங்கிள் ஸ்டேஜ் பிரெஸ் (ஒரு இழுப்புக்கு ஒரு வேலை செய்யும் நெம்புகோல் கருவி), .308 ஃபுல் லெங்த் சைசிங் டை (சுட்ட கூட்டைச் சுருக்கும் அச்சு), சீட்டிங் டை (குண்டை உட்கார வைக்கும் அச்சு), 0.001 அங்குலம் காட்டும் கேலிப்பர், அதில் மாட்டும் கம்பேரேட்டர் (கூட்டின் தோளிலோ குண்டின் வளைவிலோ ஒரே இடத்தில் தொட்டு அளக்கும் துணைக்கருவி), தராசு, சோதனை எடைக்கல், தோட்டாவின் பித்தளைக் கூட்டை வெட்டும் டிரிம்மர், அதன் வாயின் பிசிரை மழிக்கும் கருவி, கூட்டுக்கான மசகு, அச்சிட்ட லோடிங் கையேடு. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பெட்டியைத் திறக்க வேண்டாம்.

கையேடு அச்சில் இருக்க வேண்டும், அல்லது மருந்து தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் இருக்க வேண்டும். மருந்தளவு எதையும் இந்தக் கட்டுரையில் வேண்டுமென்றே கொடுக்கவில்லை. குண்டு, கூடு, பிரைமர் மூன்றில் ஒன்று மாறினாலும் அழுத்தம் மாறும். .308-க்கு அமெரிக்கத் தர அமைப்பு விதித்த உச்ச அழுத்தம் 62,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அது உங்கள் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் நடக்கிற விஷயம்.

குண்டுக்கு 165 கிரெயினில் (எடை அலகு) தொடங்கலாம். 168 கிரெயின் மேட்ச் குண்டு தாளில் அழகாகக் குத்தும். ஆனால் விலங்கின் உடலில் சீராக விரிவதற்கென்று செய்யப்பட்டதல்ல; அதை வேட்டைக்கு எடுத்துப் போகாதீர்கள். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் ஈயக் குண்டால் வேட்டையாட முடியாது, அங்கே செம்புக் குண்டுதான். மருந்தில் வார்கெட், ஐ.எம்.ஆர் 4064 இரண்டும் .308-க்குப் பழகியவை. வார்கெட் வெயிலுக்கும் குளிருக்கும் அதிகம் மாறாது. ஆகஸ்டில் சோதித்து நவம்பரில் சுடுகிறவருக்கு அது பெரிய நிம்மதி. 4064-இன் துகள் குச்சி குச்சியாக நீண்டிருக்கும். அளவுக் குடுவையில் வெட்டுப்பட்டு ஒவ்வொரு முறையும் கூடக்குறைய விழும். அதைத் தராசில் போட்டே ஆக வேண்டும்.

கூடு எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே லாட்டாக இருக்கட்டும். ராணுவத்தின் 7.62 கூடுகள் சல்லிசாகக் கிடைக்கும். ஆனால் பித்தளை தடிமன், உள்ளே இடம் குறைவு. அதே மருந்தைப் போட்டாலும் அழுத்தம் எகிறும். முதல்முறை நிரப்புகிறவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. 50 கூடு போதும்.

கூட்டை அளவாக்குவது: இங்கேதான் பாதி வேலை

சுட்ட கூடு சேம்பரின் வடிவத்துக்கு ஊதியிருக்கும். அதை மறுபடி சேம்பருக்குள் போகும் அளவுக்கு டை சுருக்குகிறது. எவ்வளவு சுருக்குவது என்பதுதான் கேள்வி. டையோடு வரும் சீட்டு, "ஷெல் ஹோல்டரைத் (கூட்டின் அடியைப் பிடிக்கும் தாங்கி) தொடும்வரை இறக்கி, மேலும் கால் சுற்று திருகவும்" என்று சொல்லும். எல்லா ரைஃபிளுக்கும் பொதுவாக எழுதிய வாசகம் அது. அப்படியே செய்தால் பல ரைஃபிளில் கூட்டின் தோள் (உடல் கழுத்தாகக் குறுகும் இடம்) தேவைக்கு மேல் பின்னால் போய்விடும்.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். உங்கள் ரைஃபிளில் சுட்ட நாலைந்து கூடுகளின் பிரைமரை எடுத்துவிட்டு, கம்பேரேட்டரில் அடியிலிருந்து தோள்வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 1.629 அங்குலம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எண் சரியா தவறா என்று கவலை வேண்டாம், கம்பேரேட்டருக்குக் கம்பேரேட்டர் அது மாறும். நமக்கு வித்தியாசம் மட்டும்தான் கணக்கு. போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்குத் தோள் 2 தௌ பின்னால் போனால் போதும். லேத் பட்டறையில் 'தௌ' என்பார்களே, ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம், அதேதான். ஆக இலக்கு 1.627.

டையை ஒரு முழுச் சுற்று மேலே தூக்கி வைத்துத் தொடங்குங்கள். டையின் மரை ஓர் அங்குலத்துக்கு 14 பிரி, அதாவது ஒரு சுற்றுக்கு 71 தௌ இறங்கும். 10 டிகிரி திருகினால் ஏறக்குறைய 2 தௌ. கூட்டுக்கு மசகு தடவி, பிரெஸ்ஸில் இழுத்து, துடைத்து, அளந்து, கொஞ்சம் திருகி, மறுபடி இழுக்க வேண்டும். தோள் பின்னால் போவதற்குமுன் முதலில் ஓரிரு தௌ முன்னால் வரும். பக்கவாட்டில் நசுங்கும் பித்தளைக்கு வேறு போக்கிடம் இல்லாததால் அப்படி. பயப்படாமல் தொடருங்கள். 1.627 வந்ததும் பூட்டு வளையத்தை இறுக்கிவிட்டு, கூட்டை ரைஃபிளில் போட்டுப் பாருங்கள். போல்ட் (சேம்பரை மூடும் தாழ்) தடையில்லாமல் மூட வேண்டும்.

அதிகம் பின்னால் தள்ளினால் என்ன கெடும்? ஒவ்வொரு முறை சுடும்போதும் கூடு முன்னால் நீளும். அந்த நீட்சிக்கான பித்தளை அடிப்பகுதிக்குச் சற்று மேலேயிருந்து வருகிறது. நாலைந்து முறைக்குள் அங்கே சுற்றிலும் பளபளவென்று ஒரு கோடு தெரியும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை ஒரு மில்லிமீட்டர் மடக்கி, கூட்டின் வாய் வழியே விட்டு உள்சுவரைக் கீழிருந்து மேலே வருடுங்கள். சுவர் வழவழப்பாக இருந்தால் நல்லது. நுனி ஒரு பள்ளத்தில் 'டிக்' என்று சிக்கினால் அந்தக் கூடு அடுத்த வெடிக்கே இரண்டாகப் பிரியலாம். இடுக்கியால் வாயை நசுக்கிக் குப்பையில் போடுங்கள். நசுக்காவிட்டால் எப்படியோ திரும்பவும் நல்ல கூடுகளோடு வந்து சேர்ந்துவிடும்.

மசகு குறைந்தால் கூடு டைக்குள் ஒட்டிக்கொள்ளும். எடுக்கத் தனிக் கருவி வேண்டும். கூடினால் தோளில் பள்ளம் விழும். விரல் நுனியில் ஈரம் உணர்கிற அளவு, அவ்வளவுதான். கழுத்தின் உள்ளேயும் லேசாகத் தடவுங்கள். இல்லாவிட்டால் டைக்குள் இருக்கும் விரிப்பான் உருண்டை கீச்சென்று கழுத்தை இழுத்துக் கோணலாக்கும். கழுத்து கோணினால் குண்டும் கோணலாகத்தான் உட்காரும்.

பிறகு நீளம். .308 கூட்டின் உச்ச நீளம் 2.015 அங்குலம், வெட்டும் நீளம் 2.005. எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு வெட்டி, வாயின் உள்ளும் வெளியும் மழியுங்கள். நீளம் தாண்டிய கூட்டின் வாய் சேம்பர் முனையில் முட்டிக் குண்டைக் கவ்விக்கொள்ளும். அப்போது அழுத்தம் எகிறும். மசகைத் துடைத்து எடுத்த பிறகே அடுத்த வேலை.

பிரைமரும் மருந்தும்

'லார்ஜ் ரைஃபிள்' என்ற அளவுப் பிரைமர் வேண்டும். குழியின் கரியைச் சுரண்டிவிட்டு, கூட்டின் அடிமட்டத்துக்கு 3 முதல் 5 தௌ கீழே உட்காரும்வரை அழுத்துங்கள். விரலால் தடவினால் லேசான குழிவு தெரியும். மேலே துருத்தியிருந்தால் ஊசி அடிக்கும்போது முதலில் பிரைமரைத் தள்ளி உட்கார வைக்கும், அந்த வீச்சு வீணாகும். 'கிளிக்' என்று ஏமாற்றும் தோட்டாக்களில் பல இந்த வகை.

மருந்து போடும்போது மேசைமேல் ஒரே ஒரு டப்பா. கைத்துப்பாக்கி மருந்து டப்பா ஒன்று பக்கத்தில் இருந்து, கை மாறிவிட்டால் ரைஃபிள் சிதறும். டிஜிட்டல் தராசை அரை மணி நேரம் முன்பே போட்டு வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், செல்போனைத் தள்ளி வையுங்கள். இரண்டுமே தராசின் பூஜ்யத்தை நகர்த்தும். பத்துத் தோட்டாவுக்கு ஒருமுறை சோதனைக்கல்லை வைத்துப் பாருங்கள். ஒரு கிரெயின் என்பது 0.0648 கிராம், நாம் பார்ப்பது அதிலும் பத்தில் ஒன்று.

கையேட்டின் தொடக்க அளவிலிருந்து 0.3 கிரெயின் படிகளாக ஏறுங்கள், படிக்கு மூன்று தோட்டா. குண்டு வைக்கும் முன் எல்லாக் கூடுகளையும் தாங்கியில் நிறுத்தி, டார்ச் அடித்து மருந்து மட்டம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

ரேஞ்சில் கீழிருந்து மேலே சுடுங்கள். போல்ட்டைத் தூக்கக் கை கனத்தாலோ, கூட்டின் அடியில் எஜெக்டர் (கூட்டை வெளியே தள்ளும் ஊசி) துளையின் பளபளப்பான முத்திரை விழுந்தாலோ, பிரைமர் தட்டையாகி விளிம்புவரை வழிந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். கையேட்டின் உச்சம் இன்னும் மேலே இருக்கலாம். உங்கள் ரைஃபிளின் உச்சம் அதுதான். மீதியை வீட்டில் பிரித்துவிடுங்கள்.

குரோனோகிராஃப் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) இருந்தால் வேகம் எழுதுங்கள். ஆனால் அந்த எண்ணுக்கு அடிமையாக வேண்டாம். விநாடிக்கு 40 அடி வேக வித்தியாசம் 300 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குள்தான் ஏற்ற இறக்கம் தரும். மானின் உயிர்நிலை எட்டங்குலத் தட்டளவு.

குண்டை எவ்வளவு ஆழத்தில் வைப்பது

மருந்தை ஒரு இடத்தில் நிறுத்திய பிறகு இதைத் தொடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. குண்டுக்குக் குண்டு நுனியின் நீளம் மாறும் என்பதால், கூட்டின் அடியிலிருந்து குண்டின் பக்க வளைவுவரை கம்பேரேட்டரால் அளக்க வேண்டும். குழலின் சுருள்வரி தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு 20 தௌ பின்னால் தொடங்குங்கள். செம்புக் குண்டானால் 50 தௌ. அங்கிருந்து 10 தௌ படிகளாகப் பின்னால் போய்ப் பாருங்கள். வரியில் முட்டும்படி வேட்டைத் தோட்டாவில் வைக்காதீர்கள்: அழுத்தம் கூடும், சுடாமல் தோட்டாவை இறக்கும்போது குண்டு குழலிலேயே மாட்டிக்கொண்டு மருந்து முழுக்க மேகசினில் கொட்டும். தரநிலை மொத்த நீளம் 2.810 அங்குலம். நீங்கள் கண்டுபிடித்த நல்ல நீளம் மேகசினுக்குள் போகாவிட்டால் அது உங்களுக்கு நல்ல நீளம் அல்ல.

தாளை எப்படி நம்புவது

மூன்று குத்து வைத்து "அரை அங்குலம்!" என்று குதிக்கிறவர்களை எல்லா ரேஞ்சிலும் பார்க்கலாம். கணக்கு வேறு சொல்கிறது. மூன்று குத்தின் சராசரி அகலம் ஓர் அங்குலமாக இருக்கும் அதே ரைஃபிள், பத்துக் குத்தில் சராசரியாக 1.6 அங்குலம் காட்டும். தோட்டா கெட்டுப்போகவில்லை, எண்ணிக்கை கூடியது, அவ்வளவே. மூன்று குத்து ஒரு கலவையைத் தள்ளுபடி செய்ய உதவும், தேர்ந்தெடுக்க உதவாது. தேறிய இரண்டு கலவையைப் பத்துப் பத்தாகச் சுடுங்கள். வேட்டைக் குழல் ஒல்லி என்பதால் மூன்று சுட்டதும் பத்து நிமிடம் ஆற விடுங்கள். 100 கஜத்தில் பத்தும் ஒன்றரை அங்குலத்துக்குள் அடங்கினால் மானுக்கு அதற்குமேல் வேண்டியதில்லை.

பெட்டியில் தேதி, கூடு, எத்தனையாவது முறை, பிரைமர், மருந்தின் பெயரும் லாட்டும் அளவும், குண்டு, நீளம் எல்லாம் எழுதுங்கள். மருந்து டப்பா புது லாட்டுக்கு மாறினால் இரண்டு படி கீழே இறங்கி மறுபடி ஏறி வாருங்கள். வேலை முடிந்ததும் கை கழுவாமல் காப்பியைத் தொடாதீர்கள். பிரைமர் கரியிலும் கூடு துலக்கும் தூசியிலும் ஈயம் இருக்கிறது.

சீசனுக்கு முந்தைய வாரம், எடுத்துப் போகும் இருபதையும் ரேஞ்சில், குழலை இலக்குப் பக்கம் வைத்து, மேகசினிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றி இறக்குங்கள். ஏதாவது ஒன்றில் போல்ட் முனகினால் அதன் தோளை அளந்து பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்றிரண்டு தௌ நீண்டிருக்கும். அதைத் தாளில் சுடும் பெட்டியில் போட்டுவிட்டு, வேறொன்றை எடுத்து வையுங்கள்.